வீட்டுச் சாமானா, சரக்கா?

போன மாசம் அத்தை வீட்டைக் காலி பண்ணினாங்க. நெல்லிவாசல்நாட்டுல ஆறு வருஷம் டீச்சரா இருந்துட்டு இப்பத்தான் கீழே மாற்றல் கிடைச்சிருக்கு. (தெரியாதவங்களுக்கு: திருப்பத்தூர் பக்கமா ஜவ்வாது மலை ஏறினா புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடுன்னு மூணு 'நாடு' இருக்கு.) ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால சாமான் ஏத்த நானும் போனேன்.

குட்டியானையில கட்டில், பீரோ, மிக்சி, ரெண்டு மூட்டை சாமை. சந்தனத்துக்குப் பேர் போன மலை ஆச்சே, இறங்கும்போது சோதனைச்சாவடியில நிறுத்திட்டாங்க. ஒருத்தர் கட்டிலைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மூட்டையைக் காட்டி, "இது வீட்டுச் சாமானா, சரக்காம்மா?"ன்னு கேட்டார். "வருஷத்துக்கும் வச்சு சாப்பிடத்தான் சார்"னு அத்தை சொன்னதும் சிரிச்சுட்டு விட்டுட்டார். ரெண்டே நிமிஷம்.

அந்த வாரமே இங்கிலாந்துல லீட்ஸ்லேர்ந்து காலேஜ் நண்பன் மெயில் அனுப்பியிருந்தான். "மச்சி, மூணு வருஷம் போதும், ஒரேயடியா ஊருக்கு வர்றேன். வீட்டுச் சாமானையும் காரையும் கப்பல்ல போட்டா கஸ்டம்ஸ்ல என்ன கேப்பாங்க?" சோதனைச்சாவடியில கேட்ட அதே கேள்வியைத்தான் கேப்பாங்க! அங்க பிடிச்ச நூல் என்னை எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

சுங்கம்னாலே நமக்குக் காவிரிப்பூம்பட்டினம்தான் ஞாபகம் வரும். கடல்லேர்ந்து இறங்குற பண்டத்துக்கும் கடலுக்குப் போற பண்டத்துக்கும் புலி முத்திரை குத்தினதைப் பட்டினப்பாலை சொல்லுது. ஆனா அது முழுக்க வியாபாரச் சரக்கு. குடும்பத்தோட சாமானுக்கு என்ன விதி?

அதுக்கு அர்த்தசாஸ்திரத்துல பதில் இருக்கு (1905ல மைசூர்ல ஓலைச்சுவடியா கண்டெடுத்து, 1909ல ஷாமா சாஸ்திரி அச்சுல கொண்டு வந்த புத்தகம்). சுங்க அதிகாரியைப் பத்தின அத்தியாயத்துல வரி வாங்கக் கூடாத பொருள்னு ஒரு பட்டியல் வருது. கல்யாணத்துக்குப் போற பொருள், பொண்ணு புகுந்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போற சீர், பிரசவத்துக்கான சாமான், பூஜை, பூணூல் சமாச்சாரங்கள். அப்படின்னு பொய் சொல்லி வேற எதையாவது கடத்தினா திருடனுக்கான தண்டனை. பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் அன்னிக்கே டியூட்டி ஃப்ரீ!

இதுல 'எதுக்காகப் போகுது'ன்னு பார்த்தாங்க. இன்னிக்கு 'எத்தனை நாள் உன்கிட்ட இருந்தது'ன்னு பார்க்கறாங்க. 1878 கடல் சுங்கச் சட்டத்துக்குப் பதிலா வந்த 1962 சுங்கச் சட்டம், பிரிவு 79ல இதை நேரடியாவே சொல்லுது: பயணியோட மூட்டையில, குறிப்பிட்ட காலமாவது அவர் உபயோகிச்ச பொருளை வரியில்லாம விடலாம். தேய்ஞ்ச தோசைக்கல்லுக்கு இருக்கற மரியாதை புதுசுக்குக் கிடையாது.

வெளிநாட்டு வாசத்தை முடிச்சுட்டு வர்றவங்களுக்கான சலுகைக்கு 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்'னு பேர். 2016 விதிகள்ல ரெண்டு வருஷம் வெளிய இருந்தவங்களுக்கு 5 லட்ச ரூபாய் மதிப்பு வரைக்கும் வீட்டுச் சாமான் சலுகை இருந்தது. பின்னாடி கப்பல்ல வர்ற மூட்டையை, ஆள் வந்து இறங்கின ஒரு மாசத்துக்குள்ள அங்கேர்ந்து அனுப்பிடணும். தொகையெல்லாம் அடிக்கடி மாறும், அதனால கிளம்பும்போது ஒருதடவை பார்த்துக்கறது உத்தமம். எனக்குப் பிடிச்சது அதோட இருந்த பொருள் பட்டியல்தான். வி.சி.ஆர்., ஃபேக்ஸ் மெஷின், வேர்ட் பிராசஸிங் மெஷின்... 2016ல! பழைய கோடை அழிச்சா எது உடையுமோன்னு பயந்து நாம அப்படியே விட்டு வைப்போம்ல, அதே கதைதான் :-)

கார் விஷயம் வேற. அதே சட்டம் பிரிவு 2(3)ல 'பேக்கேஜ்'னா என்னன்னு சொல்லும்போதே மோட்டார் வாகனம் அதுல சேராதுன்னு முடிச்சுட்டாங்க. நீங்க எவ்வளவு ஓட்டித் தேய்ச்சிருந்தாலும் அது சாமான் இல்ல, இறக்குமதி.

நிற்க. இதுவரைக்கும் சொன்னது விரும்பி மூட்டை கட்டினவங்க கதை. விரட்டப்பட்டு மூட்டை கட்டினவங்க கிட்ட இந்தச் சட்டம் வேற முகம் காட்டியிருக்கு.

1964 அக்டோபர் 30ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஆச்சு. இலங்கையில நாடற்றவங்களா இருந்த சுமார் 9,75,000 இந்திய வம்சாவளியினர்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும்னு ரெண்டு அரசும் பேசி முடிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரை 'அப்புறம் பாத்துக்கலாம்'னு தள்ளி வச்சு, 1974ல பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. தேயிலைத் தோட்டத்துல மூணு நாலு தலைமுறையா உழைச்ச ஜனங்க. அந்த ஒப்பந்தத்துலயே ஒரு 'மூட்டை முடிச்சு' ஷரத்து இருக்கு. கிளம்பறவங்க பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி உட்பட சொத்தை எடுத்துட்டுப் போகலாம். ஆனா அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டுத்தான். அதுக்கு அரசு உச்சவரம்பு வைக்கலாம், அந்த வரம்பு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழ இறங்கக் கூடாது. அவ்வளவுதான் உத்தரவாதம்.

இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். இங்க கேள்வி தலைகீழா திரும்பிடுது. உள்ளே வரும்போது 'புதுசா, பழசா'ன்னு கேக்கற சட்டம், வெளியே போகும்போது 'விலை உள்ளதா, இல்லாததா'ன்னு கேக்குது. பழைய பாத்திரமும் கம்பளியும் தாராளமா போகலாம். சம்பாத்தியம் போகணும்னா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு எண்ணுக்குள்ள அடங்கணும்.

பர்மாவுல இன்னும் மோசம். நே வின் ஆட்சியில 1964 மார்ச்சுல கடைகளை தேசியமயமாக்கினாங்க, மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க. கிளம்பினவங்க பணமும் நகையும் கொண்டு போகக் கடுமையான கட்டுப்பாடு. ரங்கூன்ல கடை வச்சிருந்த குடும்பங்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோட சென்னையில வந்து இறங்கினாங்க. அவங்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமானுக்கு ஊர் முழுக்க அங்கதான் போச்சு. அதே ராஜாஜி சாலையிலதான் சுங்க இல்லமும் இருக்கு. நகையைக் கூட எடுத்துட்டு வர முடியாதவங்க, சுங்க இல்லம் இருக்கற சாலையிலேயே 'ஃபாரின் சாமான்' வித்துப் பொழைச்சாங்க. பஜார் பக்கம் எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு தடவை கூட இது உறைக்கல.

நண்பன் கதைக்கு வர்றேன். நிரந்தரமா திரும்பறவங்க கார் கொண்டு வர, ரெண்டு வருஷம் தொடர்ந்து வெளிநாட்டுல இருந்திருக்கணும், கார் ஒரு வருஷமாவது அவங்க கையில இருந்திருக்கணும். "வாங்கி எட்டு மாசம்தான்டா ஆகுது, நாலு மாசம் தள்ளிப் போடவா?"ன்னான். பழைய காருக்கு வரியே நூறு சதவீதத்துக்கு மேலன்னு சொன்னேன். ரெண்டு நாள் பதிலே இல்ல. அப்புறம் காரை அங்கேயே வித்துட்டான். மிச்ச சாமானை பதினாலு பெட்டியில கட்டிட்டானாம். கோயம்புத்தூர்ல வாங்கி அவன் அம்மா பிடிவாதமா அனுப்பி வச்ச கிரைண்டர், இப்ப கப்பல்ல திரும்பி வந்துட்டிருக்கு.