தரங்கம்பாடி மீன்களும் உலக ஏடுகளும்

காவிரிப் படுகையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வயலையும் வாய்க்காலையும் கோயில் கல்வெட்டையும் சான்றாகக் கொண்டனர். கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரையைச் சுற்றி முத்துப்பேட்டை வரை நீளும் அதன் கடல்விளிம்பு அவ்வரலாற்றில் துறைமுகங்களின் வழியாகவே இடம்பெற்றது. ஆயினும் அக்கடலிலும் கழிமுகங்களிலும் குளங்களிலும் வாழ்ந்த மீன்களும் நண்டுகளும் சிப்பிகளும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நவீன அறிவியலின் ஏடுகளில் ஏறிவிட்டன. அந்த ஏடுகள் படுகைக்கு வெளியே எழுதப்பட்டு, வெளியே சேமிக்கப்பட்டு, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் படுகையின் ஆசிரியருக்கும் ஆய்வாளருக்கும் எட்டாமல் இருந்தன; அண்மைக் காலத்தில்தான் அவை இணையத்தின் வழியே திறந்துள்ளன. இன்று கடல்சார் அறிவியலையும் உயிரித் தொழில்நுட்பத்தையும் கற்பிப்போர் எவற்றை எங்கே தேட வேண்டும் என்னும் கேள்விக்கு இந்த வரலாற்றை அறிந்தால்தான் முழுமையான விடை கிடைக்கும்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் 1620இல் ஒப்பந்தம் பெற்று டேனியர் தரங்கம்பாடியில் குடியேறினர். 1706இல் சீகன்பால்கு வந்தபின் அவ்வூர் புராட்டஸ்டன்ட் சமயப் பணியின் மையமாயிற்று. அச்சுக்கூடமும் பள்ளிகளும் தோன்றின. சமயப் பணியாளர்கள் செருமனியின் ஹாலே நகரில் இருந்த ஃபிராங்கே நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் மக்களின் வழக்கங்களோடு மரம், செடி, மருந்து ஆகியவை பற்றிய செய்திகளும் இடம்பெற்றன. 1768இல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவர் மருத்துவராக வந்து சேர்ந்த பின்பு இச்செய்தித் திரட்டு முறையான அறிவியலாக மாறியது. உயிர்களுக்குப் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சேர்த்து இருசொற் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் அவர் நேரே பயின்றவராதலால், தரங்கம்பாடியில் கிடைத்த செடியும் சிப்பியும் அம்முறைப்படி விவரிக்கப்படத் தொடங்கின. கோனிக் பிறகு ஆர்க்காட்டு நவாபிடமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றி 1785இல் மறைந்தார். அவர் மூட்டிய ஆர்வம் தரங்கம்பாடியில் நிலைத்தது. 1776இல் வந்த ராட்லர் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பெயரெழுதிச் சேர்த்த உலர்தாவரத் தொகுப்பு, கைமாறிக் கைமாறி இங்கிலாந்தின் கியூ தோட்டத்தைச் சென்றடைந்தது.

கடல் உயிர்களைப் பொறுத்தவரை முதன்மையான பெயர் கிறிஸ்டாஃப் சாமுவேல் ஜான் என்பதாகும். 1771 முதல் 1813இல் இறக்கும்வரை தரங்கம்பாடியில் வாழ்ந்த அவர், மீன்களைத் திரட்டிப் பெர்லின் நகர மருத்துவரான மார்கஸ் எலீசர் புளோக்குக்கு அனுப்பினார். மீன்களின் தோலை உலர்த்தியும் உடலைச் சாராயத்தில் ஊறவைத்தும் காத்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் கப்பல்களில் அனுப்புவது அக்காலத்து வழக்கம். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பகுதிகளாகவும் 432 வண்ணப் படங்களோடும் வெளிவந்த புளோக்கின் மீனியல் நூலில் இம்மீன்கள் இடம்பெற்றன. ஜானைப் பெருமைப்படுத்தும் வகையில் கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்றும், செப்பிலி மீன் ஒன்றின் சிற்றினத்துக்கு ‘ஜானியை’ என்றும் புளோக் பெயரிட்டார். மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் ஜானின் பெயரே உள்ளது. அதனை 1801இல் இட்டவர் பேட்ரிக் ரசல்.

இவ்வேடுகளில் படுகை மக்களின் பங்கு பெயரில்லாமல் பதிந்துள்ளது. வலை வீசியவரும் மீனைப் பிரித்துப் பெயர் சொன்னவரும் யார் என்பதை அந்நூல்கள் குறிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன பெயர்கள் தங்கிவிட்டன. 1793இல் புளோக் விவரித்த கத்தாழை இனம் ஒன்றின் சிற்றினப் பெயர் ‘கருத்தா’ என்பதாகும். அதே ஆண்டில் அவர் விவரித்த விராலுக்கும் குரவைக்கும், பிரெஞ்சு மீனியலாளர் லாசெபேத் 1801இல் அத்தமிழ்ப் பெயர்களையே சற்றுத் திரித்து அறிவியல் பெயர்களாக இட்டார். ஓர் உயிருக்குப் பலர் பல காலத்தில் இட்ட பெயர்களுள் முந்தியதே செல்லும் என்பது விலங்கியலின் விதி. பிந்தியவை இணைப்பெயர்கள் எனப்படும். லாசெபேத்தின் பெயர்கள் இன்று இணைப்பெயர்களாக மட்டுமே பட்டியல்களில் உள்ளன. வேறொரு சிக்கலையும் ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டும். அக்கால ஐரோப்பியர் தமிழை ‘மலபார் மொழி’ என்று வழங்கினர். எனவே பழைய மீனியல் நூலில் ‘மலபார்’ என்று காணும்போது அது கேரளக் கரையைக் குறிக்கிறதா, தரங்கம்பாடிக் கரையைக் குறிக்கிறதா என்பதை அனுப்பியவர் யார் என்று பார்த்தே துணிய வேண்டும்.

ஜானின் காலத்தவரான டால்டார்ஃப் டேனிய நிறுவனத்தின் படையதிகாரி. குளக்கரைப் பனை ஒன்றில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791இல் கண்டதாக அவர் எழுதிய குறிப்பு, 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஆய்வேட்டில் வெளிவந்தது. அது பனையேறிக் கெண்டை. செவுளுக்கு மேலுள்ள துணை உறுப்பால் காற்றைச் சுவாசித்து ஈரநிலத்தில் ஊர்ந்து செல்லும் அதன் ஆற்றலைப் பிற்கால அறிவியல் உறுதிசெய்தது. மரமேறும் செய்தி அவ்வாறு உறுதிப்படவில்லை. டால்டார்ஃப் திரட்டிய பூச்சிகளும் நண்டுகளும் லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரீசியஸிடம் சென்றன. ஃபப்ரீசியஸ் 1798இல் விவரித்த சேற்று நண்டு ஒன்று ‘டிராங்குபேரிகா’ என்னும் சிற்றினப் பெயரைத் தாங்குகிறது. இன்று ஏற்றுமதிச் சந்தையில் மதிப்புள்ள நண்டு ஒன்றின் பெயரில் தரங்கம்பாடி நிலைத்திருப்பது இவ்வாறே.

தஞ்சை அரண்மனையும் இம்முயற்சிக்கு அயலாக இருக்கவில்லை. சுவார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் கல்வி பெற்று 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி மன்னர், ஐரோப்பிய அறிவியல் நூல்களைச் சரசுவதி மகால் நூலகத்தில் சேர்த்ததோடு, அரண்மனை ஓவியர்களைக் கொண்டு விலங்குகளையும் பறவைகளையும் செடிகளையும் வரையச் செய்தார். அவற்றுள் ஒரு தொகுப்பு முன்னாள் ரெசிடென்டான பெஞ்சமின் டோரினுக்கு அன்பளிப்பாகச் சென்று, இப்போது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படுகையின் உயிரியல் சான்றுகள் பெர்லின், கோபன்ஹேகன், லண்டன், ஹாலே ஆகிய நகரங்களில் சிதறிக் கிடந்தன. ஓர் உயிரினத்துக்கு முதன்முதல் பெயரிடப்பட்டபோது ஆதாரமாகக் கொள்ளப்பட்ட உடலை மூலமாதிரி என்பர். பெயர் பற்றிய ஐயம் எழுந்தால் அதைப் பார்த்தே தீர்க்க வேண்டும். அம்மூலமாதிரிகளும் அவற்றை விவரித்த நூல்களும் கடலுக்கு அப்பால் இருந்ததால், தன் ஊர்க் குளத்து மீனைப் பற்றி எழுத விரும்பிய தஞ்சை மாவட்ட ஆசிரியருக்கு ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலே நெடுங்காலம் துணையாக இருந்தது. அதுவும் பெரிய நூலகங்களில் மட்டுமே கிடைத்தது.

விடுதலையை ஒட்டி நிலை மெல்ல மாறத் தொடங்கியது. 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால், கொள்ளிடத்துக்குச் சற்று வடக்கே வெள்ளாற்றுக் கழிமுகத்தில், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் நிலையம் உருவாகி, பின்னர் உயராய்வு மையமாக வளர்ந்தது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் அமைந்தது. ஆய்வு கரைக்கே வந்துவிட்டபோதும், பழைய நூல்களுக்கு வெளிநாட்டு நூலகத்துக்குக் கடிதம் எழுதி நகல் வரக் காத்திருப்பதே நெடுங்காலம் ஆய்வாளரின் வழியாக இருந்தது.

அவ்வழியை இணையம் மாற்றியது. 1996இல் இணையத்தில் வெளிவந்த ‘ஃபிஷ்பேஸ்’ உலக மீன்களின் பெயர், உடலமைப்பு, உணவு, வாழிடம் ஆகியவற்றைத் தருகிறது. 2006இல் பல இயற்கை வரலாற்று நூலகங்கள் கூடித் தொடங்கிய பல்லுயிர் பாரம்பரிய நூலகத்தில், டேயின் நூல் உட்படப் பழைய விலங்கியல் நூல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடு ஒவ்வொரு கடலுயிரின் செல்லும் பெயரையும் இணைப்பெயர்களையும் முதல் விவரிப்பின் ஆண்டையும் காட்டுகிறது. எந்த உயிர் எந்த இடத்தில் எப்போது காணப்பட்டது என்பதை யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் பெருங்கடல் பல்லுயிர்த் தகவல் அமைப்பு தொகுக்கிறது. ஹாலேயின் ஃபிராங்கே நிறுவனம் தரங்கம்பாடி அறிக்கைகளை எண்ம வடிவில் வைத்துள்ளது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் அதன் களஞ்சியத்திலும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்திலும் உள்ளன.

இவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்துவதே தேடலின் நுட்பம். தரங்கம்பாடிச் சேற்று நண்டையே எடுத்துக்கொண்டால், உலகப் பதிவேட்டில் அதன் பெயரைத் தேடி 1798 என்னும் ஆண்டையும் ஃபப்ரீசியஸின் நூற்பெயரையும் பெறலாம்; அந்நூலின் பக்கத்தைப் பாரம்பரிய நூலகத்தில் திறக்கலாம்; சேற்று நண்டுகள் பலவும் ஒரே இனமாக நெடுங்காலம் குழப்பப்பட்டு, 1998இல் கீனன், டேவி, மான் ஆகிய மூவர் உடலமைப்போடு மரபணுச் சான்றையும் ஆராய்ந்து நான்கு இனங்கள் எனப் பிரித்ததைச் சிங்கப்பூரின் ‘ராஃபிள்ஸ்’ விலங்கியல் இதழில் படிக்கலாம். ஊரின் பெயரைத் ‘தரங்கம்பாடி’ என்று மட்டும் தேடினால் பழைய பதிவுகள் அகப்படா. ‘டிராங்குபார்’ முதலிய ஐரோப்பிய வடிவங்களிலும் தேட வேண்டும்.

உயிரித் தொழில்நுட்பத்தில் இதற்கு இணையான களஞ்சியம் 1982இல் தொடங்கிய ‘ஜென்பேங்க்’ என்னும் மரபணு வங்கி. ஆய்வாளர்கள் கண்டறிந்த மரபணுக்களின் எழுத்துவரிசையை அங்கே இட்டுவைக்க, எவரும் எடுத்து ஒப்பிடலாம். படுகைக்கு இதனோடு நேரடியான தொடர்பு உண்டு. கடைமடை வயல்களில் உவர் ஏறும்போது நெல் வாடுகிறது. உப்புநீரில் வளரும் வெண்கண்டல் வாடுவதில்லை. சென்னையின் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டலின் உப்புத் தாங்கும் மரபணுக்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றை நெல்லில் புகுத்திய சோதனையின் முடிவை 2008இல் வெளியிட்டனர்.

ஆவணம் கிடைப்பதோடு பணி முடிவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டை மையத்தின் கதிரேசனும் இராசேந்திரனும் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என 2005இல் ஓர் ஆய்விதழில் எழுதினர்; நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முதற்காரணம் என்று அதே இதழில் அடுத்த ஆண்டு மறுப்பு வந்தது. முதற்கட்டுரையை மட்டும் வகுப்பில் காட்டும் ஆசிரியர் பாதிச் செய்தியையே தருகிறார். கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அறிவியல் ஆய்வறிக்கையை ஆதாரமாகக் கொண்டது. அத்தகைய ஆவணங்களைப் படித்தறிவது ஆய்வாளருக்கு மட்டுமன்றிக் கரையில் வாழும் குடிமகனுக்கும் தேவை.

அங்கேதான் குறை நிற்கிறது. ‘ஃபிஷ்பேஸ்’ தமிழ்ப் பெயர்களைத் தருகிறது; ஆயினும் அவை பெரும்பாலும் உரோமன் எழுத்தில் உள்ளன. விராலென்றும் குரவையென்றும் தமிழில் தட்டச்சிட்டு அறிவியல் பெயரையும் மூலநூலையும் சென்றடையும் வழி சீராக அமையவில்லை. படுகையின் மீனவர் சொன்ன பெயர்களைக் கொண்டு ஐரோப்பிய அறிவியல் தன் ஏட்டை நிரப்பியது. அந்த ஏட்டைத் தமிழ்ப் பெயரால் திறக்கும் அட்டவணையை உருவாக்கும் கடமை நாகப்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் தஞ்சையிலும் உள்ள கல்வி நிறுவனங்களைச் சார்ந்தது. மீனவரின் பெயர்வழக்கை அறிந்த மூத்த தலைமுறை இருக்கும்போதே அப்பணியை அவை கூடித் தொடங்க வேண்டும்.