பணத்தாள் தரமதிப்பீட்டின் வரலாறு

பணத்தாள் தரமதிப்பீடு என்பது, சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் ரூபாய் நோட்டு, டாலர் போன்ற தாள்களை, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று ஆராய்வதாகும். தாள் அசல்தானா என உறுதி செய்தபின், அதன் நிலைக்கு ஏற்ப ஓர் எண்ணை வழங்கி, ஒளி ஊடுருவும் உறையில் அடைத்து முத்திரையிடுவார்கள்.

தேவை எழுந்த விதம்

முன்பு தாளின் தரத்தை விற்பவரே சொல்லிவந்தார். "புத்தம் புதியது" என்று வாங்கிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே மடிப்பு தெரியும். 1961இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வங்கித்தாள் சங்கம் தரச் சொற்களுக்கு விளக்கம் வகுத்தது. ஆயினும், அவற்றைப் பொருத்திப் பார்த்தவர் பெரும்பாலும் விற்பவரே.

எண்முறையின் தோற்றம்

இன்றைய 70 புள்ளி அளவுகோல் தாளுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய செம்புக் காசுகளுக்காக இதை வகுத்தார். 70 பெற்ற காசு, 1 பெற்றதைப்போல் 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக்கணக்கு விரைவில் பொய்த்தது, எண்கள் நிலைத்தன. ஷெல்டன் 1977இல் இறந்தார். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தரம் குறைந்தவற்றை அவர் வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. அளவுகோல் மட்டும் போதாது, அளப்பவருக்குப் பொருளில் ஆதாயம் இருக்கக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் நாணயங்களுக்கு இச்சேவையைத் தொடங்கின. தாள்களுக்கான பிஎம்ஜி நிறுவனம் 2005இல் வந்தது.

மதிப்பிடும் முறை

மடிப்பு, மூலைகளின் கூர்மை, ஓர இடைவெளி, கறை, கிழிசல், ஒட்டுவேலை ஆகியவை பார்க்கப்படுகின்றன. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழங்காத தாள். 50 முதல் 58 வரை ஏறத்தாழப் புழங்காதது. கழுவி, அழுத்தி மடிப்பை மறைத்த தாள் கண்ணுக்குப் புதிதாகத் தெரியலாம். ஆனால் தாளின் இயல்புத்தன்மை கெட்டிருந்தால், பிஎம்ஜி முறையில் 65ஐ எட்ட முடியாது.

இந்தியத் தாள்கள்

நம் வங்கிகள் நெடுங்காலம் நோட்டுக் கட்டுகளைக் கம்பியூசியால் தைத்தே வழங்கின. இந்திய ரிசர்வ் வங்கி 2001இல் அவ்வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. எனவே யார் கையிலும் புழங்காத பழைய இந்திய நோட்டிலும் ஊசித்துளை இருக்கும். வெளியிட்டபோதே ஏற்பட்ட துளை என உறையின் சீட்டில் குறிப்பிடுவர்.

வரம்புகள்

தரம் என்பது பயிற்சி பெற்ற மனிதரின் கருத்தே. ஒரே தாளை மீண்டும் அனுப்பினால் எண் மாறலாம். போலி உறைகளும் உள்ளன. ஆகவே சீட்டிலுள்ள சான்றெண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். எளிதில் கிடைக்கும் நோட்டுக்கு மதிப்பீட்டுக் கட்டணம் அதன் விலையைவிடக் கூடுதலாகிவிடும். எண்ணைப் பார்க்குமுன் தாளைப் பார்க்கக் கற்பதே சேகரிப்பாளருக்கு முதல் பாடம்.