நாடா வந்தது கைக்கு, ஏடு வரவில்லை!

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிலே இருக்கிறது ஐயம்பேட்டை. நெசவாளர் தெருவில் கால் வைத்ததும் தறியோசை காதிலே விழும். அந்த ஓசையிலே பிறந்து, அந்த ஓசையிலே உறங்கி, ஐந்து வயதிலே பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பது நமது பணி.

சேர்ந்த முதல் நாள், ஒரு சிறுமி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்தார்கள் சிலர். "அவள் தலையெழுத்து அவ்வளவுதான்" என்றார் அழைத்து வந்த பெரியவர். தலையெழுத்தாம்! எழுத்தே எட்டிப் பார்க்காத வீட்டிலே தலையில் மட்டும் யார் வந்து எழுதிவிட்டுப் போனது? எது மேல், எது கீழ் என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முன் ஒரு நாளாவது புத்தகத்தைத் தொட்டிருக்க வேண்டுமே! அவள் தொட்டதில்லை. ஏன் தொட்டதில்லை என்ற கேள்விக்கு விடை அவளிடம் இல்லை, தோழர்களே, வரலாற்றிலே இருக்கிறது.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் கணக்கு முடிந்தது. பள்ளிகள் 12,498; மாணவர் 188,650. மக்கள் தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். படித்தோரிலே பெண்கள் 4,540 பேர்! பழம்பெருமை பேசுவோர் பள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். பெண்களின் எண்ணிக்கைக்கு வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளும். திண்ணைப் பள்ளியிலே மணலில் விரலால் எழுதிப் படித்தவன், மணலைக் கலைத்துவிட்டு வீடு திரும்பினான். வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஏடு ஏது?

காஞ்சிப் பட்டின் பெருமைகளிலே ஒன்று கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. இதற்கு நாடா மூன்று வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஆள முடியாது. மறுகரையிலே ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். பெரியவரை அமர்த்தினால் பெரிய கூலி. ஆகவே குழந்தையை அமர்த்தினார்கள். முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணம் குழந்தையைத் தறியோடு கட்டிப் போட்டது. மணமகள் உடுத்தும் சேலையின் கரையிலே மயிலும் அன்னமும் ஆடின. அந்தக் கரையைக் கோத்த விரலுக்கு 'அ' எழுதத் தெரியாது.

1953-இல் இராசாசி ஆட்சி புதுத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடே எதிர்த்தது. 1954-இல் இராசாசி விலகினார்; காமராசர் வந்தார்; திட்டம் ஒழிந்தது. ஆனால் சட்டத்திலே ஒழிந்தது தறிக்குழியிலே உடனே ஒழிந்ததா? இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அதன் பிறகும், 2003-இல் வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை, பட்டுத் தறியிலே கட்டுண்ட குழந்தைகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதிலே காஞ்சிபுரமும் இருந்தது! இராசாசியின் திட்டமாவது மூன்று மணி நேரம் பள்ளிக்கு ஒதுக்கிற்று. முன்பணம் அதையும் ஒதுக்கவில்லை.

அந்த நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. மாற்றியவர் பலர்: சட்டம் ஒருபுறம், தொண்டர்கள் ஒருபுறம், சோறு ஒருபுறம். 1920-இல் சென்னை மாநகராட்சியிலே தியாகராயர் தொடங்கிய உணவு, 1956-இல் காமராசர் கையில் வளர்ந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகி, 2022-இல் காலைச் சிற்றுண்டியும் ஆயிற்று. எழுத்தின் சுமையும் குறைந்தது. 1935-இல் 'குடி அரசு' ஏட்டிலே பெரியார் கையாண்ட சீர்திருத்த எழுத்தை 1978-இல் அரசு ஏற்றது. றா, ணா, னா, லை, னை முதலான பதின்மூன்று எழுத்துகளின் தனிச் சுழிப்புகள் மறைந்தன. முன்பு 'யானை' என்று எழுத ஒரு தும்பிக்கையே வரைய வேண்டியிருந்தது! அந்தச் சுமை இறங்கியதன் அருமை, முதல் வகுப்பிலே நிற்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால், இவை யாவும் பள்ளி வாசல்வரை வந்தவை. தலைகீழாகப் புத்தகம் பிடித்த சிறுமி, வாசலுக்கு வருமுன்பே ஐந்தாண்டுகளைக் கழித்துவிட்டாள்.

அமெரிக்க நாட்டிலே ஹார்ட், ரிஸ்லி என்ற ஆய்வாளர் இருவர் 42 குடும்பங்களைக் கவனித்து, 1995-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வசதியுள்ள வீட்டுக் குழந்தையைவிட ஏழைக் குழந்தை மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஏழை வீட்டிலே பேச்சே இல்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். பின்னர் வந்த ஆய்வாளர் சிலர் மறுத்தார்கள்: தாய் குழந்தையிடம் நேரே பேசுவதை மட்டும் எண்ணுவானேன், வீட்டிலே சுற்றியிருப்போர் பேச்சையும் எண்ணுங்கள் என்றார்கள். ஐயம்பேட்டைக்கு வந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. தார் சுற்றும் பாட்டியிடம் கதை கேளுங்கள். பாவு விரிக்கும் தெருவிலே நின்று பேச்சைக் கேளுங்கள். சொல்லுக்கா பஞ்சம்? தாளுக்குத்தான் பஞ்சம்!

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றோம். அச்சிட்ட தாள் ஏதாவது உண்டா என்று கண் தேடியது. இருந்தது: சுவரிலே நாட்காட்டி. இராகு காலம் எது, எமகண்டம் எது என்று சொல்ல அந்த வீட்டுக்கு நாள் தவறாமல் ஒரு தாள் வருகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கென்று ஆண்டுக்கு ஒரு தாள் வரவில்லை.

ஏடு வீடு தேடிச் செல்வது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1931-இலேயே மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியிலே நூலகம் சென்றது. விடுதலை பெற்ற இந்தியாவுக்கே முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இங்கேதான் பிறந்தது. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தெருவுக்கு வந்தது. ஆனால் முதல் வகுப்பு முதல் எட்டு வரைதான் அதன் வட்டமாக இருந்தது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியோ ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்துணவும் முன்பருவக் கல்வியும் தருகிறது. தடுப்பூசிக்கும் வழி செய்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலே 1992-இல் கைக்குழந்தைகளின் குடும்பங்களுக்கே புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்கள். பல் முளைக்காத பிள்ளைக்குப் புத்தகமா என்று கேட்கலாம். கடிக்கட்டுமே! கடித்துப் பழகிய புத்தகத்தைக் கண்டு பின்னர் அது அஞ்சாது. ஊசிக்கு வரும் தாயின் கையிலே அங்கன்வாடியிலேயே ஒரு படப்புத்தகத்தைக் கொடுத்தனுப்ப நமக்கு என்ன தடை?

அந்த வீட்டிலே நாம் ஒரு படப்புத்தகத்தை விட்டு வந்தோம். "எனக்குப் படிக்கத் தெரியாதே, சார்" என்றார் தாய். படத்தைப் பார்த்து உங்கள் கதையைச் சொல்லுங்கள், அம்மா, என்றோம். மறுவாரம் வெள்ளியன்று போனபோது சிறுமியின் தம்பி, மூன்று வயதுப் பயல், புத்தகத்தை நேராகப் பிடித்திருந்தான். நரியைக் காட்டி, "இது முதலாளி" என்றான். தாய் சொல்லியிருந்த கதை அப்படி. தறியிலிருந்தபடியே தகப்பனார் உரக்கச் சிரித்தார். "அடுத்த பக்கம் திருப்புடா" என்றார்.