யவனரின் மதுச்சாடி



களக்காட்டில் நான் சரித்திரம் கற்பித்த காலத்தில், "யவனர் கொணர்ந்த மது எத்தகையது?" என மாணவர் வினவுவதுண்டு. அருந்தாமலே அதனை அறியலாம். புறநானூறும் ஓர் ஓட்டாஞ்சில்லும் போதும்.

முதலில் நம் பனங்காட்டைப் பாருங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் அது புளித்துக் கள்ளாகிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாக்குவதே காரணம். நொதித்தல் உயிர்களின் செயல் என்பதை லூயி பாஸ்டர் 1857 முதல் நிகழ்த்திய ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். திராட்சை மதுவும் இவ்வாறே உண்டாகிறது. ஆனால் கள் விரைவில் கெடும். திராட்சை மதுவோ காற்றுப் புகாது காப்பின் நெடுநாள் நிற்கும். ஆகவேதான் அது கடல் கடந்தது.

புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரனார், பாண்டியன் நன்மாறனை நோக்கி, யவனர் தந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகி இனிது வாழ்க என்கிறார். அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் கூறி, 'தேறல்' எனப் பெயரிடுகிறார். தேறல் என்றால் தெளிந்தது. மதுவின் நயம் தேர்வோர் இன்றும் கண்ணால் தெளிவையும், மூக்கால் மணத்தையும் நோக்கிய பின்னரே நாவில் இடுவர்.

அப்பாட்டில் வரும் 'கலம்' என்ற சொல் மரக்கலத்தைக் குறிக்குமா, மட்கலத்தைக் குறிக்குமா? தமிழில் இரண்டுக்கும் அதுவே பெயர். பழைய உரைகாரர் குப்பி எனக் கொண்டார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, 'ஆம்போரா' என்னும் சாடிகளின் துண்டுகள் வெளிப்பட்டன. இரு கைப்பிடியும் ஒடுங்கிய வாயும் கூர்ந்த அடியும் உடைய அவை, கப்பலில் நெருக்கி அடுக்க ஏற்றவை. அவற்றுள் பல கிரேக்கத் தீவாகிய காஸ் நாட்டு வகை மதுச்சாடிகள் எனப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். பாண்டி நாட்டு அழகன்குளத்திலும் ஆம்போராத் துண்டுகள் கிடைத்துள்ளன. இவை சொல்லின் பொருளை முடிவு செய்யமாட்டா. எனினும் உரைகாரர் கூற்றுக்கு வலுவூட்டுகின்றன.

நம் பொருநைத் துறையாகிய கொற்கையின் முத்துக்குளிப்பைக் கூறும் 'பெரிப்ளூஸ்' என்னும் முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல், சேரநாட்டு முசிறிக்கு வந்த சரக்குகளில் மதுவையும் சேர்த்து, அளவு மிகுதியன்று என்கிறது. அரிய பொருள் ஆதலின் அரசன் கிண்ணத்திற்கே அது உரியதாயிற்று போலும்!

ஆகவே, மாணவர்களே, பச்சையாற்றங்கரையிலோ பொருநைக் கரையிலோ பழைய ஓடு ஒன்றைக் கண்டால் தண்ணீரில் தத்தவிட்டு விளையாடாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். பாட்டில் ஐயமாக நிற்கும் ஒரு சொல்லுக்கு அந்த ஓடு சான்றாகலாம்.