கிருமியழிப்புத் தொழிலின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதியோர் சத்திரசிகிச்சை நிபுணரையும் ஆய்வறிஞரையும் விரிவாகப் போற்றியுள்ளனர். அந்நிபுணர் கையாண்ட கத்தியையும் இடுக்கியையும் கழுவி, பொதிசெய்து, கிருமியற்றனவாக்கிக் கொடுத்தவர் பற்றி அவர்கள் எழுதியது மிகச் சிறிதே. இன்று கிருமியழிப்புத் தொழினுட்பவியலாளராகப் பணியேற்க விரும்புவோருக்குப் பல நாடுகளிற் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. எனினும், கருவி தோன்றியதற்கும் அதனை இயக்குபவரின் அறிவு தொழிலறிவாக ஏற்கப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. இத்தாமதத்தின் காரணத்தையும் அதன் விளைவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1865 ஆம் ஆண்டு கிளாஸ்கோ வைத்தியசாலையில் ஜோசப் லிஸ்ரர் காபோலிக் அமிலத்தைக் காயங்களிற் பயன்படுத்தத் தொடங்கினார். காயத்திற் புகுந்த கிருமியைக் கொல்வது அவரது முறை. கிருமி புகாமலே தடுப்பது அடுத்த தலைமுறையினரின் முறை. பாஸ்ரரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சாள்ஸ் ஷம்பர்லான் 1879 இல் அமுக்கவடுகலனை அமைத்தார். உலர்வெப்பத்திலும் நீராவியே விரைவாகக் கிருமிகளைக் கொல்லும் என்பதை 1881 இல் றொபேட் கொக்கும் அவர்தம் துணைவரும் நிறுவினர். பேர்லினில் பேர்க்மனும் அவர் மாணாக்கர் ஷிம்மல்புஷும் இம்முறையைச் சத்திரசிகிச்சைக் கூடத்திற் கொண்டுவந்தனர்.

இக்கலனின் செயற்பாடு எளிதெனத் தோன்றும், உண்மை அதுவன்று. நீராவி குளிர்ந்த பொருளின்மீது ஒடுங்கி நீராகும்போது தன் மறைவெப்பத்தை அதற்கு அளிக்கிறது. 121 பாகை செல்சியசில் 15 நிமிடமும், 134 பாகையில் 3 நிமிடமும் பொதுவாக வேண்டப்படும். ஆயின் கலனுள் இருந்த காற்று முற்றாக வெளியேற்றப்படல் வேண்டும். காற்று எஞ்சின் அமுக்கமானி உரிய எண்ணைக் காட்டும். வெப்பநிலையோ அவ்வளவினை எட்டாது. கருவியின் மூட்டுகளில் உலர்ந்த இரத்தம் ஒட்டியிருப்பின் அதன் உள்ளே கிருமிகள் தப்பிப் பிழைக்கவும் கூடும். ஆகவே, கழுவுதல், பிரித்துப் பார்த்தல், பொதிசெய்தல், அடுக்குதல், அளவீடுகளை வாசித்தல் ஆகிய ஒவ்வொன்றும் அறிவையும் கவனத்தையும் வேண்டி நிற்கும் செயல்களாம்.

ஆயினும், நெடுங்காலமாக இப்பணி தாதியரும் சிற்றூழியரும் ஏனைய கடமைகளுக்கிடையே செய்யும் வேலையாகவே இருந்தது. விடுதிகளில் கருவிகளைக் கொதிநீரில் இடும் வழக்கம் நீடித்தது. 100 பாகையில் இறவாத வித்திகள் உண்டென்பது அறியப்பட்டிருந்தும் அவ்வழக்கம் மாறவில்லை. இங்கிலாந்தில் ஆறு வைத்தியசாலைகளின் நடைமுறையை ஆராய்ந்து நபீல்ட் நம்பிக்கை நிதியம் 1958 இல் வெளியிட்ட அறிக்கை பெருங்குறைகளைச் சுட்டியது. கருவிகளை ஓரிடத்திற் சேர்த்துச் செப்பனிடும் மத்திய வழங்கற் பிரிவுகள் அதன்பின் பெருகின. 1963 இல் எடின்பரோவைச் சேர்ந்த பௌவியும் டிக்கும் வகுத்த சோதனை, மடித்த துவாய்களின் நடுவே வைத்த நாடாவின் நிறமாற்றத்தைக் கொண்டு காற்று அகன்றதா என்பதை அறிய உதவிற்று.

சோதனைகள் பெருகிய போதும் பணியாளர் பற்றிய மனப்பாங்கு மாறவில்லை. 1972 இல் பிளைமவுத் நகரின் டெவன்போட் வைத்தியசாலையில், நாளத்தினூடாக ஏற்றப்பட்ட டெக்ஸ்ரோஸ் கரைசலிற் கிருமிகள் வளர்ந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அதனோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் ஐந்து. முந்திய ஆண்டு தொழிற்சாலையில் அப்போத்தல்களைச் சூடேற்றியபோது கலனின் அடிப்பகுதியிற் காற்றுத் தங்கியிருந்தது. கீழ்த்தட்டுப் போத்தல்கள் உரிய வெப்பநிலையை அடையவில்லை. வெப்பநிலைப் பதிகருவி இக்குறையைக் காட்டவே செய்தது. அமுக்கமானி சரியாக இருந்தமையால் பதிகருவியே பழுதென்று கொள்ளப்பட்டது. இதனை விசாரித்த குளோதியர் குழு, சிறிய பயிற்சியும் குறைந்த மேற்பார்வையும் உடையோர் எளிய பொறிகொண்டு செய்யத்தக்க வேலையே கிருமியழிப்பு என்ற பரவலான எண்ணம் முற்றிலும் தவறானதென அவ்வாண்டே அறிவித்தது.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியிலேயே இன்றைய தகைமை விதிகளை நோக்கல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2015 ஆம் ஆண்டு முதல் இப்பணியிற் புதிதாகச் சேர்வோர் 18 மாதங்களுக்குள் சான்றிதழ் பெறுதல் சட்டத்தால் வேண்டப்படுகிறது. அந்நாட்டில் வழங்கும் முதன்மையான சான்றிதழொன்றுக்குப் பரீட்சையில் சித்தியடைவதோடு 400 மணிநேரச் செய்முறைப் பயிற்சியும் தேவை. எனினும், எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டத்தை இயற்றவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, தாமதத்தின் காரணம் விஞ்ஞான அறிவின் குறைபாடன்று; கையால் செய்யும் வேலையைத் தாழ்வாக எண்ணிய மனப்பாங்கே எனலாம். டெவன்போட் நிகழ்ச்சியிற் பொறி தன் குறையைத் தானே எழுதிக் காட்டிற்று. அதனை வாசித்து, ஐயத்துக்குரிய தொகுதியைத் தடுத்து நிறுத்தும் அறிவும் அதிகாரமும் உடைய ஒருவர் அங்கு இருக்கவில்லை. இத்தொழிலிற் புகுவோருக்குச் சான்றிதழோடு அவ்வதிகாரத்தையும் வழங்குதல் வைத்தியசாலைகளின் கடமையாகும்.