மதனப்பள்ளிப் பையனும் ஒரு மானநஷ்ட வழக்கும்

திருமலை தேவஸ்தானம் நூறு கோடி ரூபாய் கேட்டுத் திருப்பதி கோர்ட்டில் மானநஷ்ட வழக்குப் போட்டபோது, சித்தூரில் எங்கள் குமாஸ்தா கூட்டத்தில் கோர்ட் ஃபீஸ் கணக்கைத்தான் முதலில் பேசினோம். எனக்கென்னவோ பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

தத்துவவாதி ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். அந்த ஊர் அன்று கடப்பை ஜில்லா. 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோது இந்தப் பக்கம் வந்தது. 1909இல் அடையாறு கடற்கரையில் பையனைப் பார்த்த பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், உலககுரு இவன்தான் என்றார். சபைத் தலைவி அன்னி பெசன்ட் பையனையும் அவன் தம்பியையும் வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். தகப்பனார் நாராயணய்யாவுக்கு லெட்பீட்டரின் நடத்தைமேல் சந்தேகம். பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு 1912இல் வழக்குப் போட்டார்.

இதற்குள் டாக்டர் டி.எம். நாயர், தாம் ஆசிரியராயிருந்த ‘ஆன்டிசெப்டிக்’ மருத்துவ இதழில் லெட்பீட்டரைக் கிழித்து ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். அடிபட்டவர் லெட்பீட்டர், 1913இல் அவதூறு வழக்குப் போட்டவரோ பெசன்ட். தோற்றார். வழக்குப் போடாமல் விட்டிருந்தால் டாக்டர்களோடு போயிருக்கும் சமாசாரம், வழக்கால் ஊரெல்லாம் பரவியது. கோர்ட் வாசலில் இதை எத்தனையோ கட்சிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர் குறைவு.

பிள்ளைகள் வழக்கிலும் சென்னையில் நாராயணய்யாதான் ஜெயித்தார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது.

அவதூறைக் குற்றமாக்கிய 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. நம்பர் புதுசு, தண்டனையில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை குற்றமில்லை என்ற முதல் விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன் அதை ஒருதரம் படித்துவிடுங்கள்.