புதுக்கோட்டை அறிவொளி: சைக்கிள் ஓட்டிய பெண்களும் பாதியில் நின்ற பாடமும்

நலத்திட்டம் என்றாலே எத்தனை பேர் பயன் பெற்றார்கள், எவ்வளவு செலவானது என்ற கணக்குதான் முதலில் வரும். புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கத்தை இந்தக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது.

1974இல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான மாவட்டம் புதுக்கோட்டை. மழையையும் கண்மாயையும் நம்பிய விவசாயம். அது பொய்த்தால் கூலி வேலை, கல்குவாரி வேலை. படிக்காதவர்களில் பெண்களே அதிகம்.

1988இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அந்த வழியில் 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி பிறந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். மாவட்ட நிர்வாகத்தோடு தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் கைகோத்தனர். சம்பளம் வாங்காத தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் பாடம் நடத்தினர்.

பெண்கள் வகுப்புக்கும் வேலைக்கும் போய்வர பஸ்ஸையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அதனால் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்கப்பட்டது. கேலி பேசியவர்கள் உண்டு. ஆனாலும் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினர். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் சென்றனர். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றானது. குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பும் உடனே வந்தது.

1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 77 சதவீதம்தான். பெண்களிடையே சுமார் 69 சதவீதம். இரண்டு அளவுகோலும் ஒன்றல்ல. அறிவொளி குறிப்பிட்ட வயதினரைக் குறிவைத்தது. கணக்கெடுப்பு 7 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எண்ணுகிறது. இருந்தாலும் அறிவிப்போடு வேலை முடிந்துவிடவில்லை என்பது தெளிவு. புதிதாகப் படித்தவர் தொடர்ந்து படிக்காவிட்டால் கற்ற எழுத்து மறந்துவிடும். அதற்கு நூலகமும் மையமும் பொறுப்பான ஆளும் வேண்டும். ஆட்சியர் மாறுவார், தொண்டர் களைப்பார், நிதி வேறு திட்டத்துக்குப் போகும். சமூகப் பணிகள் சந்திக்கும் சிக்கலே இதுதான். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது.

எழுத்துக்குத் தொடர்ந்து ஆதரவு வேண்டும். சைக்கிளுக்கு அது வேண்டியதில்லை. ஒருமுறை கற்ற பெண் மறுநாளே அதில் வேலைக்குப் போனாள். அன்றாட வாழ்வில் உடனே பயன்பட்டது தானாக நிலைத்தது. மற்றதை நிலைக்க வைப்பது அரசின் பொறுப்பு. தொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கி வைக்கும். அதை நிரந்தரமாக நடத்த நிதியும் ஊதியம் பெறும் பணியாளரும் தேவை.